பன்னிரண்டு பச்சைப் புள்ளிகள்

போன வாரம் என்னைக் கூப்பிட்டு ஆய்வகத்தைச் சுற்றிக் காட்டினீர்கள். புதுக் கருவிகள், புது நாற்காலிகள், மூலையில் ஒரு காப்பி இயந்திரம், எல்லாம் நன்றாக இருக்கின்றன. எங்கள் காலத்தில் காப்பித்தூள் டப்பாவும் உப்புக் கரைசல் டப்பாவும் ஒரே அலமாரியில் ஒரே நிறத்தில் இருக்கும். நாங்கள் உயிரோடு ஓய்வு பெற்றதே பெரிய காரியம்.

கடைசியாக மைனஸ் எண்பது ஃப்ரீசரைத் திறந்து காட்டினீர்கள். வரிசை வரிசையாகச் சின்ன டியூப்கள், ஒவ்வொரு மூடியிலும் பச்சை மார்க்கரால் ஒரு புள்ளி. "இது நீங்க ஆரம்பிச்ச பழக்கமாமே அக்கா?" என்று உங்களில் ஒருவர் கேட்டார். ஆமாம் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். குளிர் வெளியே போய்விடும் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். உண்மையில் அந்தப் புள்ளிகளை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. காரணத்தை இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் முதலில் படியுங்கள். பழையவர்களுக்குப் பாதிக் கதை தெரியும், மீதிப் பாதியைத் தப்பாகத் தெரியும்.

முப்பத்தொரு வருடம் அந்த ஆய்வகத்தில் எனக்கு ஒரே வேலை. மற்றவர்கள் கேட்கும் புரதத்தை பாக்டீரியாவில் வளர்த்து, சுத்தப்படுத்தி, டியூபில் பிரித்துக் கொடுப்பேன். சோதனை செய்வது அவர்கள், கட்டுரையில் பெயர் வருவதும் அவர்களுக்கு. எனக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை. கடையில் ரொட்டி சானாய் போடுகிறவர் ஒவ்வொரு மேசையிலும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று எதிர்பார்க்க மாட்டார். டியூப் நன்றாக இருக்கிறது என்று நானே பார்த்து உறுதி செய்தபின் மூடியில் பச்சைப் புள்ளி வைப்பேன். புள்ளி இருந்தால் மறுபடி சோதிக்க வேண்டியதில்லை என்பது எங்களுக்குள் ஒரு பழக்கமாகிவிட்டது. யாரும் எழுதிவைக்கவில்லை, யாரும் மீறவும் இல்லை.

ரூபிணி அங்கே முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவள். மாசாய் ஊரில் ஓர் அடுக்குமாடியில் அம்மாவோடு இருந்தாள். அம்மாவுக்குப் பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. காலையில் அம்மாவைத் தொழிற்சாலை வாசலில் இறக்கிவிட்டு, அதே மோட்டார் சைக்கிளில் ஆய்வகத்துக்கு வருவாள். நான் கதவைத் திறக்கும்போதே ஹெல்மெட்டோடு வெளியே நிற்பாள். அதிகம் பேசமாட்டாள், பேசினால் கேள்வியாகத்தான் இருக்கும்.

எண்ணெய்ப்பனையின் அடித்தண்டை அழுக வைக்கும் பூஞ்சை ஒன்று இருக்கிறது. அந்தப் பூஞ்சை வளர உதவும் ஒரு புரதத்தைத்தான் அவள் எடுத்துக்கொண்டாள். அந்தப் புரதம் நீளமானது, ஆனால் வேலை நடக்கும் இடம் ஒரு சின்னப் பகுதி. சுமார் அறுபது அமினோ அமிலங்கள் தனியாக மடிந்து, சிறு பீப்பாய் மாதிரி நிற்கும். இப்படித் தனியாக மடிந்து நின்று, இன்னொரு புரதத்தைப் பிடிப்பதையே தொழிலாக வைத்திருக்கும் பகுதியைத்தான் டொமைன் என்கிறோம். இந்த வகை டொமைனின் முகத்தில் ஆழமில்லாத ஒரு பள்ளம் உண்டு. புரோலின் நிறைந்த ஒரு துண்டு அதில் வந்து படுக்கும். பிடி இறுக்கமாக இருக்காது, பிடித்துப் பிடித்து விடும். அதனால் சோதனையில் ஒட்டாததைக் கழுவும்போது கை கொஞ்சம் அதிகமானாலும் எல்லாம் போய்விடும்.

இந்த டொமைன் பிடிக்கும் ஒரு புதுக் கூட்டாளிப் புரதத்தை ரூபிணி கண்டுபிடித்தாள். அந்தப் பள்ளத்தால்தான் பிடிக்கிறது என்று காட்ட வேண்டும். அதற்கு ஒரு வழி எல்லாருக்கும் தெரியும். பள்ளத்தின் நடுவில் இருக்கும் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றிவிட வேண்டும். மாற்றியதும் பிடி போய்விட்டால் பள்ளம்தான் காரணம். நான் அவளுக்கு இரண்டு புரதங்களைச் செய்துகொடுத்தேன். ஒன்று அசல், ஒன்று மாற்று. சோதனையில் அசல் பிடித்தது, மாற்று பிடிக்கவில்லை. மூன்று முறை செய்தாள், மூன்று முறையும் அப்படியே. புரதங்களைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் அசல் பக்கம் கூட்டாளியின் பட்டை கருப்பாக விழுந்தது. மாற்றுப் பக்கம் வெறுமையாக இருந்தது. அவ்வளவு சுத்தமான படத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. அந்தப் படத்தைத்தான் அவள் ஆய்வேட்டின் முதல் பக்கத்திலேயே வைத்திருந்தாள்.

ஐந்து மாதம் கழித்து ஏடு தயாரானது. ஒப்படைக்க ஒன்பது நாள் இருந்தது. சிங்கப்பூரில் ஒரு நிறுவனம் அவளை வேலைக்கு எடுத்திருந்தது, அந்த மாதக் கடைசிக்குள் ஏடு ஒப்படைத்ததற்கான கடிதம் வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. வேலை கிடைத்ததும் அம்மாவை ஷிஃப்டிலிருந்து நிறுத்திவிடுவேன் என்று ரூபிணி எல்லாரிடமும் சொல்லியிருந்தாள். அவள் இத்தனை வருடத்தில் எல்லாரிடமும் சொன்ன ஒரே சொந்த விஷயம் அதுதான்.

"அக்கா, ஒவ்வொரு டியூபும் எந்தத் தேதியில செஞ்சதுன்னு போடணுமாம். கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?" என்று ஏட்டின் நகலை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். நான் வழக்கம்போல முதலில் நன்றிப் பக்கத்தைத் திருப்பினேன். எல்லாரும் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள், நீங்களும் பார்ப்பீர்கள், நல்ல பிள்ளை மாதிரி நடிக்க வேண்டாம். அதில் என் பெயர் இருந்தது. "ஒரு டியூபைக்கூட என்னைச் சந்தேகப்பட வைக்காத அக்காவுக்கு" என்று எழுதியிருந்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதே சந்தோஷத்தோடு என் பதிவேட்டை எடுத்துத் தேதி தேடினேன்.

மாற்றுப் புரதத்தைப் பிரித்த தேதியைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தேன்.

அது எங்கள் ஊர் சிகாமட்டில் வெள்ளம் வந்த நாள். என் அம்மாவும் தம்பியும் அங்கேதான், ஆற்றுக்குப் பக்கத்து வீட்டில். அன்று மதியம் அசலைப் பன்னிரண்டு டியூபில் பிரித்து ஃப்ரீசரில் வைத்துவிட்டேன். மாற்றையும் அதேபோல் பன்னிரண்டில் பிரித்து ஐஸ் பெட்டியில் நிறுத்தியிருந்தேன், தூக்கி உள்ளே வைக்க வேண்டியதுதான் பாக்கி. அப்போது தம்பி கூப்பிட்டான். "அக்கா, தண்ணி வாசப்படி ஏறிருச்சு. அம்மா வரமாட்டேங்கிறாங்க. கட்டில்மேல ஏறி ஒக்காந்திருக்காங்க, நீயாச்சும் சொல்லு லா!" சொல்வதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. நான் கார் நிறுத்துமிடத்துக்கு ஓடி, யார் யாரையோ கூப்பிட்டேன். பள்ளிக்கூடத்து நிவாரண மையத்தில் அம்மா பத்திரமாக இருக்கிறார் என்று தெரிய மூன்று மணி நேரம் ஆனது.

திரும்பி வந்தபோது ஐஸ் முழுவதும் தண்ணீர். அன்று அறையைக் குளிர்விக்கும் ஏர்கானும் ஓடவில்லை. டியூப்கள் வெதுவெதுப்பான தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். தெளிவாக இருந்தது. கெட்டிருந்தால் கலங்கியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். துடைத்து, பன்னிரண்டு மூடியிலும் பச்சைப் புள்ளி வைத்து, ஃப்ரீசரில் அடுக்கி, பதிவேட்டில் 'சரி' என்று எழுதிவிட்டுச் சிகாமட்டுக்குக் கிளம்பினேன்.

மறந்துவிட்டேன் என்று உங்களிடம் சொல்லிவிடலாம், நீங்களும் நம்புவீர்கள். நான் மறக்கவில்லை. ரூபிணி அந்த டியூப்களை எடுத்த அன்று லேசாக ஞாபகம் வந்தது. சாயங்காலம் அவள் ஓடி வந்து, "அக்கா, மாற்று பிடிக்கவே இல்ல!" என்று குதித்தாள். எதிர்பார்த்த பதில்தானே வந்திருக்கிறது, அப்படியானால் டியூப் நன்றாகத்தான் இருந்திருக்கும் என்று மனதை மூடிக்கொண்டேன். இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள்தான் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியும். மாற்று பிடித்திருந்தால் ஆயிரம் கேள்வி கேட்டிருப்போம். புரதம் பழசா, கழுவியது போதவில்லையா, யார் செய்தது என்று நோண்டியிருப்போம். பிடிக்கவில்லை என்றதும் கைதட்டினோம். குலைந்துபோன டொமைன் எதையுமே பிடிக்காது என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

ஜெல்லில் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியாது. ஜெல்லில் போடுவதற்கு முன் எல்லாவற்றையும் கொதிக்க வைத்து மடிப்பைக் கலைத்துவிடுகிறோம். நன்றாக மடிந்ததும் குலைந்ததும் அங்கே ஒரே பட்டையாகத்தான் விழும். சோதனைக் குழாயில் இருக்கும் சின்ன மணிகளில் ஒட்டுவதற்காகப் புரதத்தோடு நாம் சேர்க்கும் கைப்பிடி கெட்டியான சரக்கு, மூன்று மணி நேரச் சூட்டில் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் மாற்றும் அசல் அளவுக்கு மணிகளில் ஒட்டியது. கைப்பிடி ஒட்டியிருந்தது, அதன் நுனியில் இருந்த டொமைன் மட்டும் அவிழ்ந்துபோயிருந்தது. மூன்று முறை செய்ததும் அதே பன்னிரண்டு டியூபிலிருந்துதான். ஒரே தப்பை மூன்று முறை படம் பிடித்திருக்கிறோம்.

ஃப்ரீசரில் கடைசியாக ஒரு டியூப் மிச்சம் இருந்தது. எடுத்து, மடிப்பைப் பார்க்கும் கருவியில் வைத்தேன். ரோசாக். முழுக்கக் கெட்டுப்போயிருந்தது.

இந்த இடத்தில் நான் செய்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அன்றே எழுந்துபோய் ரூபிணியிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முதலில் உறுதி செய்துகொள்வோம், புதிதாக மாற்றைச் செய்து அதுவும் பிடிக்கவில்லை என்றால் முடிவு சரிதானே, அந்தப் பெண்ணை ஏன் வீணாகப் பயமுறுத்த வேண்டும் என்று நினைத்தேன். அவள்மேல் இருக்கும் இரக்கம் என்று அதற்குப் பெயர் வைத்தேன். மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் அவள் என் மேசையைத் தாண்டிப்போய் எழுத்துப்பிழை திருத்திக்கொண்டிருந்தாள். நான் தலையைத் தூக்கவே இல்லை. தேதி கேட்டபோது, "பதிவேடு எங்கேயோ வெச்சிட்டேன்மா, தேடித் தர்றேன்," என்று பொய்யும் சொன்னேன்.

மூன்றாம் நாள் புது மாற்றை ஒழுங்காக மடித்து, மடிப்பையும் சரிபார்த்து, சோதனையை நானே செய்தேன். மாற்று பிடித்தது. அசல் அளவுக்கே பிடித்தது. அப்படியானால் பள்ளத்துக்கும் இந்தப் பிடிக்கும் சம்பந்தமே இல்லை. ஏட்டின் தலைப்பிலேயே பள்ளம் என்ற வார்த்தை இருக்கிறது.

நான் அவளைக் கான்டீனுக்குக் கூட்டிப்போய்ச் சொன்னேன். வெள்ளம், ஐஸ், புள்ளி, புது டியூப், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் தே ஓ, அந்தப் பால் சேர்க்காத தேநீரைத் தொடவே இல்லை.

"ஐயோ, அலமாக்," என்றாள் மெதுவாக. பிறகு, "ஒங்க அம்மாவுக்கு ஒண்ணும் ஆகலையே அப்ப?" என்று கேட்டாள்.

"ஆகலை."

"சரி. அன்னிக்கு நீங்க வெளிய ஓடினது எனக்கு வெளங்குது. நானா இருந்தாலும் ஓடியிருப்பேன். ஆனா புள்ளி வெச்சீங்களே, அது ஏன்?"

நான் கோப்பையை அவள் பக்கம் நகர்த்திவைத்தேன்.

"இது எப்பக்கா தெரிஞ்சிச்சு ஒங்களுக்கு?"

"திங்கக்கெழமை."

"இன்னிக்கு வியாழன்." அவள் விரலை மடக்கிக்கூட எண்ணவில்லை. "எனக்கு இருந்ததே ஒம்போது நாளு. அதுல மூணு நாள நீங்க எடுத்துக்கிட்டீங்க. நிச்சயமாத் தெரிய வேணாம்க்கா. சந்தேகமா இருக்குன்னு சொல்லியிருந்தா போதும். நான் பாத்துக்கிட்டிருப்பேன்ல?"

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். டியூப் கெட்டது விபத்து. புள்ளி வைத்தது அவசரம் என்றுகூடச் சாதிக்கலாம். அந்த மூன்று நாள் முழுக்க என் பயம். உண்மை உறுதியாகட்டும் என்று காத்திருக்கவில்லை நான். உண்மை இல்லாமல் போய்விடாதா என்றுதான் காத்திருந்தேன். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அன்று மாலையே பேராசிரியரிடம் போனோம். அவர் கெட்டவர் இல்லை. இருபது மாணவர்களைக் கரையேற்றியவர், இந்தப் பெண்ணையும் கரையேற்றப் பார்த்தார். மாற்று பற்றிய படத்தை எடுத்துவிடு, தலைப்பைக் கொஞ்சம் மாற்று, கூட்டாளியைக் கண்டுபிடித்ததே ஒரு ஏட்டுக்குப் போதும், மீதியை ஒப்படைத்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்றார். பொய் சொல்லச் சொல்லவில்லை, ஒன்றைச் சொல்லாமல் விடச் சொன்னார். எனக்கு அது நியாயமாகக்கூடப் பட்டது. அவளுக்கு வேலை போய்விடக் கூடாது என்று என் மனம் அடித்துக்கொண்டது. ஒத்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். என் தப்பை அவள் மூடி மறைத்தால் எனக்கும் சௌகரியம் என்று அப்போதுதான் உறைத்தது. வாயை மூடிக்கொண்டேன். அந்த ஒரு வாரத்தில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

ரூபிணி ஒரு நாள் அவகாசம் கேட்டாள். மறுநாள் காலை கதவைத் திறக்கும்போது ஹெல்மெட்டோடு நின்றிருந்தாள்.

"அம்மாகிட்ட கேட்டேன்க்கா. பிடிக்கலன்னு எழுதினது பிடிக்குதுன்னு ஆயிருச்சும்மா, அத மறைச்சிட்டுப் போகலாம்ங்கிறாங்கன்னு சொன்னேன். ஃபேக்டரில ஒரு டப்பா ரோசாக்னு தெரிஞ்சா லைன நிறுத்திருவோம், ஒங்க எடத்துல நிறுத்த மாட்டீங்களான்னு கேட்டாங்க." ஹெல்மெட்டைக் கழற்றினாள். "நான் ஒப்படைக்கல. சிங்கப்பூருக்கு எழுதிப் போட்டுட்டேன்."

சிங்கப்பூர் காத்திருக்கவில்லை. உண்மையைச் சொன்னதற்காக யாராவது பாராட்டி வேலையைப் பிடித்துவைத்திருப்பார்கள் என்று எதிர்பார்க்கிறீர்களா? ஒரு வரியில் வருத்தம் தெரிவித்துவிட்டு வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். அவள் அம்மா இன்னும் ஒன்றரை வருடம் ஷிஃப்டுக்குப் போனார். காலையில் அந்த மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு அது உறுத்தும்.

அதன்பின் பதினொரு மாதம் ரூபிணி டொமைனின் ஒவ்வொரு பக்கத்தையும் மாற்றிப் பார்த்தாள். முகத்தில் இருக்கும் பள்ளத்தை விட்டுவிட்டு, எதிர்ப்பக்கத்தில் யாரும் கண்டுகொள்ளாத ஒரு தட்டையான இடத்தால் அந்தக் கூட்டாளியைப் பிடிக்கிறது என்று கடைசியில் தெரிந்தது. பதினெட்டு மாற்றுகள் வேண்டியிருந்தன. பதினெட்டையும் நான்தான் செய்துகொடுத்தேன். அவள் என்னை விட்டு வேறு ஆளிடம் போகவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் டியூபை வாங்கி, என் கண்முன்னாலேயே கருவியில் வைத்து மடிப்பைப் பார்த்தாள். பச்சைப் புள்ளியை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "நன்றிக்கா" என்பாள், டியூபை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். முதல் சில வாரம் அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. பிறகு கருவியை நானே சூடாக்கித் தயாராக வைக்க ஆரம்பித்தேன். நான் புள்ளி வைப்பதை நிறுத்தியது அப்போதுதான். எனக்குப்பின் வந்தவர்கள் பழைய பெட்டிகளைப் பார்த்து மறுபடி ஆரம்பித்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

ஏடு கட்டி வந்த அன்று ஒரு பிரதியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். நான் நன்றிப் பக்கத்தைத் திருப்பினேன். அம்மா இருந்தார், பேராசிரியர் இருந்தார், ஃப்ரீசர் பழுதுபார்க்க வருகிறவர்கூட இருந்தார். என் பெயர் இல்லை. இரண்டு முறை படித்தேன். அழக்கூடாது என்று நினைத்தேன், அழுதுவிட்டேன். தொடர்ந்து படிக்க மனம் வராமல் மூடிவைத்தேன்.

அன்று சாயங்காலம் தேதிகள் சரியா என்று பார்க்கத்தான் செய்முறைப் பகுதியைத் திறந்தேன், பழக்கதோஷம். அங்கே ஒரு பத்தி இருந்தது. "மாற்று டொமைனின் முதல் தொகுதி பனிக்கட்டி உருகிய நிலையில் மூன்று மணி நேரம் வெளியே இருந்ததால் மடிப்பு குலைந்தது. அதைக்கொண்டு செய்த சோதனைகள் அனைத்தும் நீக்கப்பட்டன. இதைக் கண்டறிந்து தெரிவித்தவர், அந்தத் தொகுதியைத் தயாரித்தவரே." அதை அடுத்து என் முழுப் பெயர், தேதியோடு. அந்தத் தேதி வியாழக்கிழமையுடையது. நான் கண்டுபிடித்த திங்கட்கிழமையை அவள் போடவில்லை, நான் வாய் திறந்த நாளைத்தான் போட்டிருந்தாள்.

முப்பத்தொரு வருடத்தில் பல ஏடுகளின் நன்றிப் பக்கத்தில் என் பெயர் வந்திருக்கிறது. ஒன்றையும் நான் எடுத்துவைக்கவில்லை. இந்தப் பத்தி இருக்கும் பக்கத்தை மட்டும் நகலெடுத்து இதோடு வைத்திருக்கிறேன். உங்கள் ஃப்ரீசர் கதவில் ஒட்டிவிடுங்கள். ஒட்டுவதற்கு முன் அந்த மூடிகளைத் துடைத்துவிடுங்கள்.